அடகுக்குப் போகாத பொருள்கள்



திண்டுக்கல் என்றதும் வெளியூர்க்காரர்கள் பூட்டு, பிரியாணி என்று இரண்டைச் சொல்வார்கள். பிரியாணியைப் பற்றிப் பேச ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. பூட்டைப் பற்றியும் நிறையப் பேசியாயிற்று. 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது பத்திரிகைக்காரர்கள் வந்து மாங்காய்ப் பூட்டைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அலிகாரில் இயந்திரத்தில் செய்த பூட்டு மலிவாக வந்து குவிந்ததும், நம்மூர்ப் பட்டறைகள் ஒவ்வொன்றாக அடங்கிப்போனதும் உங்களுக்குத் தெரிந்த கதைதான். நான் இன்றைக்குப் பேச வந்தது பூட்டுக்கு உள்ளே இருந்ததைப் பற்றி.

கூட்டுறவு வங்கி ஒன்றில் நகைக்கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு நாட்காட்டி தேவையில்லை. பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதம் தோடும் மோதிரமும் வரும். ஆடிப்பட்டத்துக்கு விதை, உரம், உழவுக்கூலி என்று செயின் வரும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி விலை விழுந்தால், பறிகூலிக்குக்கூடக் கட்டாது என்று செடியிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள் அடுத்த வாரம் எங்கள் வரிசையில் நிற்பார்கள். தை பிறந்தால் மீட்க வருவார்கள். முடியாதவர்கள் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைப்பார்கள். அதற்கும் வழியில்லை என்றால் ஏலம். நகை மூழ்கிப்போச்சு என்பார்கள். வீட்டில் ஒரு சாவைச் சொல்லும் குரலில்தான் அதைச் சொல்வார்கள்.

காதிலிருந்தும் கழுத்திலிருந்தும் கழற்றிக் கொடுப்பவர் பெண். என்ன செலவுக்கு என்று முடிவு செய்தவர் பெரும்பாலும் பக்கத்தில் நிற்கும் ஆண். 2006 பிப்ரவரியில் நூறு நாள் வேலைத் திட்டம் தொடங்கியபோது தமிழ்நாட்டில் முதலில் சேர்ந்த ஆறு மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று. கையில் தன் கூலி என்று கொஞ்சம் காசு வந்த பிறகு, துணைக்கு ஆள் இல்லாமல் தனியாக வந்து, தன் நகையைத் தானே வைத்து, தானே மீட்டுப் போகும் பெண்களை நான் அதிகம் பார்க்க ஆரம்பித்தேன். இது என் கண் கணக்கு. புள்ளிவிவரம் இல்லை.

என் அப்பா காலத்தில் நகை மட்டுமா அடகுக்குப் போனது? பித்தளை அண்டா, செம்புத் தவலை, குத்துவிளக்கு எல்லாம் சேட்டுக் கடைக்குப் போய்வரும். எது யாருடையது என்று குழம்பாமல் இருக்கப் பாத்திரத்தில் பேர் வெட்டியிருக்கும். சீரில் வந்த அண்டா வருஷத்தில் பாதி நாள் எங்கள் வீட்டுப் பரண்மேல் இருந்தது, பாதி நாள் கடைக்காரர் வீட்டில் இருந்தது. அன்றைக்கு ஒரு குடும்பம் பொருள் வாங்குவதும் பணம் சேர்ப்பதும் ஒரே காரியமாக நடந்தது. கொடுத்த காசில் பெரும்பங்கு அந்தப் பித்தளைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். மழை பொய்த்தால் எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது உங்கள் வீட்டை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். டி.வி., ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், சோபா, ஆளுக்கொரு செல்போன், வாசலில் பைக். இதில் எதை அடகுக் கடைக்காரர் வாங்கிக்கொள்வார்? அட்டைப்பெட்டியைப் பிரித்த அன்றைக்கே விலை இறங்கிவிட்டது. போதாக்குறைக்குப் பாதிப் பொருளுக்கு இன்னும் தவணை பாக்கி. கஷ்டம் வந்தபோது பழைய அண்டா வீட்டுக்குப் பணம் கொண்டுவந்தது. அதே கஷ்டத்தில் புதிய டி.வி. வீட்டிலிருந்து பணம் கேட்கிறது. மாதம் பிறந்தால் போதும், தேதி தவறாமல் கேட்கிறது. 2022இல் ஒரு கண்டி பஞ்சு லட்சம் ரூபாயைத் தொட்டு, நூற்பாலைகள் உற்பத்தியைக் குறைத்த மாதங்களை நினைத்துப் பாருங்கள். மில் வேலையை நம்பி இருந்த வீடுகளில் ஷிஃப்ட் குறைந்தது, தவணை குறையவில்லை.

தவணை நமக்குப் புதிது என்று சொல்ல மாட்டேன். டி.வி.எஸ். ஃபிஃப்டியில் சேலை மூட்டையும் பாத்திரக் கட்டும் ஏற்றிக்கொண்டு வாரம் ஒருமுறை தெருவுக்கு வருகிற தவணைக்காரரை நாம் எல்லாரும் அறிவோம். நோட்டில் எழுதிக்கொள்வார். இந்த வாரம் இல்லை என்றால் முகத்தைச் சுளிப்பார், அடுத்த வாரம் வருவார். இன்றைய தவணைக்கு முகம் கிடையாது. வங்கிக் கணக்கில் தானாகக் கழித்துக்கொள்கிறது. பணம் இல்லாவிட்டால் அபராதம். இன்னொரு பக்கம் வாரக் குழுக் கடன். ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்றவர்கள் வாசலில் வந்து உட்கார வேண்டும். மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025இல் தமிழக அரசு தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று.

பழசெல்லாம் தங்கம், புதுசெல்லாம் தகரம் என்று புலம்ப நான் இங்கே வரவில்லை. 2006 தேர்தலுக்குப் பிறகு அரசே கலர் டி.வி. கொடுத்தது. 2011க்குப் பிறகு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. இலவசம் என்று கேலி பேசியவர்களில் ஆட்டுக்கல்லில் மாவாட்டியவர் எத்தனை பேர் என்று கேட்கத் தோன்றும் எனக்கு. என் அம்மாவின் தோள்பட்டை வலிக்கு எந்த மருந்தும் செய்யாததை அந்தக் கிரைண்டர் செய்தது. அதை அடகு வைக்க முடியாது என்பது ஒரு குறையே இல்லை. தேவை எது, ஆடம்பரம் எது என்ற பழைய வாதத்தில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அடுத்த வீட்டுக்காரர் வாங்குவது ஆடம்பரம், நாம் வாங்குவது தேவை, அவ்வளவுதான். நான் கேட்பது வேறு. கெட்ட காலத்தில் இந்தப் பொருள் நமக்கு உதவுமா, நம் தலையில் ஏறுமா?

வீட்டுக்கு உள்ள இந்தக் கேள்வி நாட்டுக்கும் உண்டு. 1963 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாடு கொண்டுவந்தார். புது நகையை 14 காரட்டுக்கு மேல் செய்யக்கூடாது என்றார்கள். தங்கத்தில் போடுகிற பணம் முடங்கிக் கிடக்கிறது என்பது வாதம். மக்கள் கேட்டார்களா? கேட்கவில்லை. பிழைப்பை இழந்தவர்கள் பொற்கொல்லர்கள்தான். தங்கக் கட்டுப்பாட்டை முழுவதுமாக 1990இல்தான் எடுத்தார்கள். எடுத்த மறு வருஷம் என்ன நடந்தது தெரியுமா? வளைகுடாப் போரில் எண்ணெய் விலை ஏறி, அங்கே வேலை பார்த்தவர்கள் அனுப்பிய பணமும் குறைந்து, சில வார இறக்குமதிக்கு மட்டுமே அந்நியச் செலாவணி மிஞ்சியது. 1991 ஜூலையில் ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கியிலும் ஜப்பான் வங்கியிலும் ஈடு வைத்து ஏறத்தாழ 40 கோடி டாலர் வாங்கியது. நாடே தலைகுனிந்ததாக அன்றைக்குப் பேசினார்கள். எங்கள் கவுண்டருக்கு வருகிற ஒரு விவசாயி மட்டும், "நாங்க வருஷா வருஷம் வைக்கிறோம், டெல்லிக்காரங்க இப்பத்தான் வைக்கிறாங்க" என்று சிரித்தார். ஈடு வைத்த தங்கத்தை மீட்டதும் சரி, 2009இல் பன்னாட்டு நிதியத்திடமிருந்து 200 டன் தங்கம் வாங்கியதும் சரி, நாடும் நம்மூர்க் குடும்பம் மாதிரியேதான் நடந்துகொண்டது.

இது நம் நாட்டோடு நிற்கிற கதை இல்லை. 1997 ஜூலை 2ஆம் தேதி தாய்லாந்து தன் நாணயமான பாட்டைச் சந்தையின் கையில் விட்டது. அங்கே தொடங்கிய சரிவு இந்தோனேசியா, மலேசியா, தென்கொரியா என்று பரவியது. கடன் வாங்கிக் கட்டடமும் காரும் வாங்கிக் குவித்த பாங்காக்கில், முன்னாள் பணக்காரர் சந்தை என்ற பெயரிலேயே ஒரு சந்தை போட்டார்கள். பென்ஸ் கார், கைக்கடிகாரம், விலையுயர்ந்த கைப்பை எல்லாம் அங்கே பழைய சாமானாக விலைக்கு வந்தன. அந்தப் பெயரை வைத்தவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும். கொரியாவில் கதை வேறு. 1998 தொடக்கத்தில் நாட்டின் கடனை அடைக்கத் தங்கம் தாருங்கள் என்று கேட்டார்கள். கல்யாண மோதிரம், குழந்தையின் முதல் பிறந்த நாளுக்குப் போட்ட மோதிரம் என்று சுமார் 35 லட்சம் பேர் கொண்டுவந்தார்கள். 227 டன் சேர்ந்தது. அது தானம் இல்லை, பிறகு அவர்கள் நாணயத்தில் விலை கிடைத்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கடன் வாங்கியவை பெரிய நிறுவனங்களும் வங்கிகளும். கழற்றிக் கொடுத்தவர்கள் வீட்டுப் பெண்கள். எங்கள் கவுண்டரில் நான் பார்த்த காட்சிதான், ஆள் கணக்குத்தான் பெரிது.

நமக்கு ரொம்பப் பக்கத்தில் இலங்கை. 2022 ஏப்ரல் 12ஆம் தேதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர முடியாது என்று அறிவித்தார்கள். அதற்கு முன்பே, மார்ச் மாதத்தில், மக்கள் குழந்தைகளோடு படகில் தனுஷ்கோடிப் பக்கம் வந்து இறங்கத் தொடங்கிவிட்டார்கள். தமிழகம் 40,000 டன் அரிசி அனுப்ப முடிவு செய்தது. அந்த ஆண்டு செப்டம்பரில்தான் நம் திண்டுக்கல் பக்கத்துத் தோட்டனூத்தில் இலங்கைத் தமிழர்களுக்கு 321 புது வீடுகள் திறந்தார்கள். அங்கே எனக்குப் பழக்கமான ஒருவர் சொன்னார், யாழ்ப்பாணத்தில் இருக்கிற அவருடைய அக்கா காப்பை அடகு வைத்துத்தான் அந்த மாதங்களில் அரிசியும் மாவும் வாங்கினாராம். வீட்டில் ஏ.சி. இருந்ததாம், மகன் கனடாவிலிருந்து வாங்கிக் கொடுத்தது. மின்சாரம்தான் இல்லை.

இத்தனையும் சொன்னதால் தங்கம் வாங்குங்கள் என்று நான் சொல்வதாக நகைக்கடைக்காரர்கள் சந்தோஷப்பட வேண்டாம். தங்கமும் கொடுமை செய்திருக்கிறது. வேடசந்தூர் பக்கத்து நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று நடந்தது. மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை செய்தால் கடைசியில் மொத்தமாகப் பணம், அதில் கல்யாண நகை. வயது இருபதுகூட ஆகாத பெண்கள் இரவு ஷிஃப்டில் பஞ்சுத்தூசியைச் சுவாசித்துச் சேர்த்த பவுன் அது. நடுவில் உடம்பு முடியாமல் போனவர்கள் பலருக்கு மொத்தப் பணம் கைக்கு வரவில்லை. அந்த நகையை எடை போடும் தராசு என்னிடம் இல்லை.

இப்போது இன்னொரு திருப்பம். 2025 அக்டோபரில் ஒரு பவுன் 90,000 ரூபாயைத் தாண்டியது. அதே ஆண்டு ஏப்ரலில் ரிசர்வ் வங்கி நகைக்கடனுக்கு வரைவு விதி வெளியிட்டது. நகை உங்களுடையது என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்றது. பாட்டி போட்ட அட்டிகைக்கு யார் ரசீது வைத்திருக்கிறார்கள்? தமிழ்நாட்டில் கூச்சல் கிளம்பியது. ஜூனில் வந்த இறுதி விதியில் தளர்த்தினார்கள், இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம் என்றார்கள். நல்லதுதான், ஏழைக்கு உதவும். ஆனால் எனக்குக் கவலை வேறு இடத்தில். விலை ஏறியதும், அதே வளையலுக்குக் கூடுதல் கடன் கிடைக்கிறது என்று திருப்பி வைத்து, மிச்சத்தில் போன் வாங்குகிறார்கள், காதுகுத்து விருந்து நடத்துகிறார்கள். மழைக்காலத்துக்கென்று வைத்ததை வெயில் காலத்திலேயே எடுத்துவிட்டால், மழை வரும்போது எதைக் கழற்றுவது?

இதை வீட்டில் சொன்னபோது என் மருமகள் மடக்கினாள். "மாமா, போன் இல்லாம இன்னிக்கு யாருக்கு வேலை? மில்லு வேன் எத்தன மணிக்குன்னு போன்லதான் வருது. நூறு நாள் வேலைக்கு வருகைப் பதிவே போன்லதான்." அவள் சொல்வது சரி. 2020 ஊரடங்கில் பள்ளிக்கூடம் போனுக்குள் போனபோது, தோட்டை அடகு வைத்துப் பையனுக்குப் போன் வாங்கிய தாய்மார் நம் மாவட்டத்தில் ஊருக்கு ஊர் உண்டு. எங்கள் தெருவிலேயே ஒருவர். பூ கட்டி விற்பவர். நிலக்கோட்டையில் மல்லிகை வாங்க ஆள் இல்லாமல் கிடந்த மாதம் அது. பையன் அந்தப் போனில்தான் பத்தாம் வகுப்புப் படித்தான், இப்போது பாலிடெக்னிக் முடித்துவிட்டான். அந்தப் போனை வீண்செலவு என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

தோட்டை அவர் அடுத்த தைக்குள் மீட்டுவிட்டார். போனின் திரை அதற்கு முன்பே உடைந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் மாற்றக் கேட்டால், இந்தக் காசைப் புதுப் போனுக்கு முன்பணமாகக் கட்டிவிடுங்கள், மீதிக்குத் தவணை இருக்கிறது என்றாராம் கடைக்காரர். கட்டிவிட்டு வந்திருக்கிறார்கள்.