கப்பல் தில்லிக்கு, கசடு நமக்கா?

(அனகாபுத்தூர்ப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



அனகாபுத்தூரில் ஆறு உண்டு, தறி உண்டு. கடல் ஏது என்று கேட்பீர்கள். இந்த ஊர் நெசவாளி நெய்த கைக்குட்டைத் துணி ஒரு காலத்தில் கப்பலேறி நைஜீரியா வரை சென்றது. அந்தப் பழைய உறவு கிடக்கட்டும். உங்கள் ஊரைத் தொட்டு ஓடும் அடையாறு கடலில் கலக்கிறதே, அந்தக் கரைப்பக்கம் வரை வந்து சேர்ந்தது எண்ணூர்க் கசடு. ஆகவே, கேட்கும் உரிமை உங்களுக்கும் உண்டு.

2017 சனவரி 28. விடியுமுன், எண்ணூரிலுள்ள காமராசர் துறைமுகத்துக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எரிவாயுவை இறக்கிவிட்டு வெளியேறிய 'பி.டபிள்யூ. மேப்பிள்' ஒன்று, பெட்ரோலியப் பொருள் சுமந்து உள்ளே வந்த 'டான் காஞ்சிபுரம்' மற்றொன்று. காமராசர் பெயரில் துறைமுகம், காஞ்சியின் பெயரில் கப்பல்! பெயருக்குப் பஞ்சமில்லை தோழர்களே, கருவிக்குத்தான் பஞ்சம்.

எண்ணெய் கசியவில்லை என்றே முதலில் அறிவித்தது துறைமுகம். அறிக்கை மறைக்கலாம், அலை மறைக்குமா? எர்ணாவூர்க் கரையில் தார்போல் கசடு திரண்டது. பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. 'இல்லை' என்பது 'கொஞ்சம்' ஆயிற்று. கொஞ்சம் வளர்ந்து வளர்ந்து ஏறத்தாழ 200 டன் ஆயிற்று. கழிவுநீர் உறிஞ்சும் லாரிகளைக் கொணர்ந்தனர். கசட்டின் கெட்டித்தன்மையிலே அவை திணறின. பிறகு? வாளி! மீனவரும் மாணவரும் வரிசையாக நின்று, வாளியிலே மொண்டு மொண்டு ஊற்றினர். செவ்வாய்க்குக் கலம் அனுப்பிய நாட்டிலே, தோழர்களே, கடலைக் கழுவ வாளி! மீன் கெட்டதோ இல்லையோ, வாங்குவோர் மனம் கெட்டது; கூடை சுமந்த தாய்மார்கள் விலைபோகாத மீனோடு வீடு திரும்பினர்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். கொட்டியது கப்பல் தன் இயந்திரத்துக்கு வைத்திருந்த எரி எண்ணெய். 32 ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட சரக்கு தப்பியது. அதுவும் கொட்டியிருந்தால் எத்தனை வாளி வேண்டும் என்று கணக்குப் பாருங்கள்.

எங்கே கோளாறு? அரசியல் சட்டத்தைப் புரட்டுங்கள். பெருந்துறைமுகமும் கடற்போக்குவரத்தும் தில்லியின் பட்டியலில். மீன்வளம் மாநிலத்தின் பட்டியலில். வருவாய் அங்கே, வலை இங்கே! 1996-இல் தேசியத் திட்டம் ஒன்று வகுத்தனர். கடலோரக் காவல்படை தலைமை தாங்கும். 700 டன் வரையிலான கசிவை முதலில் எதிர்கொள்ளவேண்டியது துறைமுகம். ஒதுங்கிய கசட்டை அள்ளுவது மாநிலத்தின் வேலை. கப்பலை வரவேற்று வருவாய் பெறும் துறைமுகமே, கசிந்ததா இல்லையா என்று முதல் சாட்சியும் சொல்கிறது. கடைக்காரரே தம் தராசுக்கு முத்திரை குத்திக்கொள்ளும் ஏற்பாடு இது!

பிற நாடுகள் அடிபட்டுத்தான் கற்றன. 1967-இல் இங்கிலாந்துக் கரையருகே 'டாரி கேனியன்' பாறையில் மோதி, ஒரு இலட்சம் டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய் கொட்டியது. குண்டு வீசி எரித்துப் பார்த்தார்கள். கரைப்பான் தெளித்தார்கள், அது கரையோர உயிர்களை மேலும் கொன்றது. அதன் பின்னரே, 1969-இல், தவறு யாருடையது என்ற வழக்காடலுக்குக் காத்திராமல் கப்பல் உரிமையாளரே இழப்பீடு தரவேண்டும் என்ற உடன்படிக்கை பிறந்தது. 1989-இல் அலாசுகாவில் 'எக்சான் வால்டீசு' கவிழ்த்த எண்ணெய், எண்ணெய்க் கப்பலுக்கு இரட்டை உடல் வேண்டும் என்ற விதியைக் கொணர்ந்தது. நாம் என்ன கற்றோம்? 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலிப் பக்கமிருந்து எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியபோது, மீண்டும் படகு கறுத்தது, வலை கறுத்தது. மீண்டும் மீனவர் கையிலேதான் குவளை!

எண்ணெய்க் கப்பலே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. அடுப்பும் பேருந்தும் எதனால் இயங்குகின்றன என்பதை அறிவோம். இக்கூட்டத்தின் முன் வைக்கும் தீர்மானம் இதுதான்: மோதல் நிகழ்ந்த ஒரு மணி நேரத்துக்குள், கசிவு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், கரையோரக் குப்பம் ஒவ்வொன்றுக்கும் செய்தி போகவேண்டும். கசிவின் அளவைக் கூறும் குழுவில் மாநில அரசும் மீனவரும் இடம்பெறவேண்டும். மிதவைத் தடுப்பும் எண்ணெய் அள்ளும் கருவியும் ஏற்றிய படகு, துறைமுக வாயிலிலே இரவும் பகலும் ஆயத்தமாக நிற்கவேண்டும். ஆண்டுதோறும் மீனவரையும் சேர்த்து ஒத்திகை நடத்தவேண்டும். கப்பல் காப்பீட்டுப் பணம் வந்து சேரும் வரை, கடலுக்குப் போகாத நாளுக்கான கூலியைத் துறைமுகம் முன்பணமாகத் தரவேண்டும்.

ஏற்போர் கை உயர்த்துங்கள்.