ஆளுக்கேற்ற தண்டு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



'ஷாப்ட்' என்றவுடன் தங்கவயல் மக்களாகிய நம் நினைவிற்கு வருவது கிபோர்டு ஷாப்ட் போன்ற சுரங்கக் குழிகளே. 2001ஆம் ஆண்டு பிப்ரவரியில் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆயினும் அச்சொல் நம் நாவைவிட்டு அகலவில்லை. கோல்ப் மட்டையின் தலையையும் கைப்பிடியையும் இணைக்கும் தண்டிற்கும் அதுவே பெயர். இன்று அதனைப் பற்றியே சில சொல்ல விரும்புகிறேன்.

ஆங்கிலேயர் இங்கே கோல்ப் திடல் அமைத்தனர். அவர்கள் ஆடினர், நம்மவர் பை சுமந்தனர். அப்படிப் பை சுமந்தே ஆட்டம் பயின்றவன் என் தமையனாரின் மகன். இரண்டு மாத ஊதியத்தைச் சேர்த்து, பிறர் ஆடிக் கழித்த மட்டைகளை வாங்கினான். தண்டுகளில் 'எஸ்' என்ற எழுத்து இருந்தது. விறைப்பான தண்டு என்பது அதன் பொருள். வலிமையுள்ளவர் கொள்வது அதுவே என எண்ணி நாங்களும் மகிழ்ந்தோம். ஆனால் அவன் அடித்த பந்து தாழப் பறந்து வலப்புறம் ஒதுங்கியது. "பயிற்சி போதாது" என்று கடிந்தோம். அவன் மேலும் வேகமாக வீசினான். மணிக்கட்டு வலியே மிஞ்சியது. ஆட்டத்தையே விட்டுவிட முடிவு செய்தான்.

அந்நிலையில் முதிய ஆட்டக்காரர் ஒருவர் அவன் வீச்சைச் சற்று நேரம் கவனித்துவிட்டு, 'ஆர்' எழுத்துள்ள தம் மட்டையைத் தந்தார். பந்து உயர்ந்து நேரே சென்றது. குற்றம் பையனுடையதன்று, தண்டினுடையது என்று அன்றுதான் அறிந்தோம். காரணம் அறியாமல் கடிந்தது எங்கள் குற்றம்.

இதன் காரணம் எளியது. மட்டையை வீசும்பொழுது தண்டு வளைகிறது. பந்தைத் தொடும் வேளையில் அதன் நுனி முன்னோக்கிச் சாய்கிறது. தண்டு மிக விறைப்பாயின் இச்சாய்வு குறையும். வலக்கையருக்குப் பந்து தாழ்ந்து வலப்புறம் செல்லக்கூடும். மிக நெகிழ்வாயின் உயர்ந்து இடப்புறம் திரும்பக்கூடும். மிக நீண்ட மட்டையை வீசும் வேகம் மணிக்கு 85 முதல் 95 மைல் வரை இருப்போர்க்கு 'ஆர்' எனவும், 95 முதல் 105 வரை 'எஸ்' எனவும் பொதுவாகக் கூறுவர். ஆயினும் இவ்வெழுத்துக்களுக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவு கிடையாது. ஒருவரது 'ஆர்' மற்றொருவரது 'எஸ்' போல் இருத்தலும் உண்டு. வேகம் ஒத்த இருவருள்ளும், திடுமென இழுத்து வீசுபவருக்கு ஒரு தண்டும், நிதானமாக வீசுபவருக்கு வேறொரு தண்டும் பொருந்தும்.

முற்காலத்தில் ஹிக்கரி மரத்தில் தண்டு செய்தனர். மரத்துக்கு மரம் வளைவு மாறுபடுமாதலால், ஆட்டக்காரர் ஒவ்வொன்றையும் கையில் வீசிப் பார்த்தே தேர்ந்தனர். 1929ஆம் ஆண்டில் செயிண்ட் ஆண்ட்ரூஸ் கழகம் எஃகுத் தண்டை ஏற்றது. அதன் பின்னரும் பாபி ஜோன்ஸ், 1930இல் தம் கைக்குப் பழகிய ஹிக்கரி மட்டைகளைக் கொண்டே நான்கு பெரும் பட்டங்களையும் வென்றார். 1970களில் எடை குறைந்த கிராபைட் தண்டு வந்தது. பொருள் மாறினும் விதி மாறவில்லை: முதலில் ஆளை அளக்க வேண்டும், பின்னரே தண்டைத் தேட வேண்டும்.

ஆகவே, மட்டை வாங்கச் செல்லும் இளைஞர்களே! எழுத்தைப் பார்த்து வாங்காதீர்கள். வேறு வேறு தண்டுகளில் பத்துப் பந்துகளேனும் அடித்துப் பாருங்கள். பந்து தொடர்ந்து ஒரே பக்கம் ஒதுங்கினால், வீச்சைப் பழிக்குமுன் தண்டையும் மாற்றிப் பாருங்கள். மெல்லிய தண்டைக் கொள்வது இழுக்கன்று.

பெற்றோர்களே! பிள்ளை தடுமாறும்பொழுது அவன் கையிலிருக்கும் கருவி அவனுக்கு ஏற்றதுதானா என்று ஒருமுறை பாருங்கள். கடிந்துரைப்பது அதன் பிறகு ஆகட்டும்.