சினைப்பை நீர்க்கட்டி நோயும் ஹார்மோன் அளவுகளும்

(திருவனந்தபுரம் பழவங்காடியில் மாணவர்க்கும் அலுவலர்க்கும் ஆற்றிய உரை)

பழவங்காடி, திருவனந்தபுரத்தின் பழைய வணிகப் பகுதிகளுள் ஒன்று. கிழக்கேகோட்டைப் பேருந்து நிலையமும் தம்பானூர் இரயில் நிலையமும் அருகிலிருப்பதால், நகரத்தாரோடு கன்னியாகுமரி மாவட்டத் தமிழரும் மருத்துவம் நாடி இவ்வழியே வருகின்றனர். 1956 நவம்பர் 1 வரை அப்பகுதி திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்திருந்தது. ஆகவே இத்தொடர்பு புதிதன்று. இவ்வாறு வரும் இளம்பெண்களுள் சிலர் மாதவிடாய் ஒழுங்கின்மைக்காக ஹார்மோன் பரிசோதனை செய்துகொள்கின்றனர். பரிசோதனைச் சீட்டிலுள்ள எண்கள் எதை உணர்த்துகின்றன, எதை உணர்த்துவதில்லை என்பதை அறிவது பயனுடையது.

1935-இல் சிகாகோ நகர மருத்துவர்களாகிய ஸ்டைன், லெவென்தால் இருவரும் இந்நோயை விவரித்தனர். 'நீர்க்கட்டி' என்னும் பெயர் சற்றே தவறான எண்ணத்தைத் தருவதாகும். ஊடொலிப் படத்தில் தெரிபவை உண்மையில் கட்டிகள் அல்ல; வளர்ச்சி தடைப்பட்டு நின்ற சினைமுட்டைப் பைகளே. கோளாற்றின் வேர் ஹார்மோன்களின் சமநிலையில் உள்ளது.

பிட்யூட்டரி சுரப்பி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்னும் இரு ஹார்மோன்களைச் சுரக்கிறது. இந்நோயுடைய பெண்கள் பலரிடம் எல்.எச். மிகுகிறது, அது சினைப்பையைத் தூண்டி, டெஸ்டோஸ்டிரோன் முதலிய ஆண்ட்ரோஜன்களைக் கூடுதலாக உண்டாக்குகிறது. உடல் இன்சுலினுக்குச் சரிவர இணங்காதபோது கணையம் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. மிகுந்த இன்சுலின் சினைப்பையை மேலும் தூண்டுவதோடு, டெஸ்டோஸ்டிரோனைப் பிணைத்து வைக்கும் புரதத்தைக் கல்லீரல் உண்டாக்குவதையும் குறைக்கிறது. எனவே மொத்த டெஸ்டோஸ்டிரோன் இயல்பான அளவில் காணப்பட்டாலும், பிணைப்பின்றி உலவும் பகுதி மிகுந்திருக்கக்கூடும். முகத்தில் மயிர் வளர்தல், பரு, முட்டை வெளிப்படாமை ஆகியவை இதன் விளைவுகள்.

எண்களைப் படிப்பதில் எச்சரிக்கை தேவை. பெண்ணின் டெஸ்டோஸ்டிரோன் ஆணுக்குரியதைவிடப் பன்மடங்கு குறைவு. அத்தகைய சிறு அளவைச் சாதாரண முறைகள் துல்லியமாகக் காட்டுவதில்லை. கருத்தடை மாத்திரை உண்போரிடம் அளவுகள் மாறிவிடும். எல்.எச்., எஃப்.எஸ்.எச். விகிதம் மட்டுமே நோயை நிறுவுவதில்லை. தைராய்டு, புரோலாக்டின் கோளாறுகளையும் முதலில் விலக்க வேண்டும்.

வரையறை மாறினால் நோயாளர் தொகையும் மாறும். 1990-இன் அமெரிக்க வரையறை, மாதவிடாய் ஒழுங்கின்மை, ஆண்ட்ரோஜன் மிகுதி ஆகிய இரண்டையும் கோரியது. 2003-இன் ராட்டர்டாம் வரையறை சினைப்பையின் தோற்றத்தையும் சேர்த்து, மூன்றில் இரண்டு போதும் என்றது. 2024-இல் வெளியான இந்திய ஆய்வொன்று 18 முதல் 40 வயது வரையிலான 9,824 பெண்களை ஆராய்ந்தது. முதல் வரையறைப்படி 7.2 விழுக்காட்டினரும், இரண்டாவதன்படி 19.6 விழுக்காட்டினரும் இந்நோயுடையவர். பெண்கள் அவர்களே, அளவுகோல் மட்டுமே வேறு.

2023-இன் பன்னாட்டு வழிகாட்டுதல் எளிய வழி ஒன்றைக் காட்டுகிறது. வயதுவந்த பெண்ணிடம் ஒழுங்கற்ற மாதவிடாயும், ஆண்ட்ரோஜன் மிகுதியின் வெளிப்படையான அடையாளங்களும் இருந்து, பிற காரணங்கள் விலக்கப்பட்டால், ஹார்மோன் அளவீடோ ஊடொலிப் படமோ இன்றியே நோயை உறுதிசெய்யலாம். சுழற்சி 35 நாளுக்கு மேல் நீளுவதும், ஆண்டுக்கு எட்டு முறைக்குக் குறைவதும் ஒழுங்கின்மையே. பூப்பெய்தி எட்டாண்டு நிறையாத பெண்களுக்கு ஊடொலிப் படத்தைக் கொண்டு நோயை நிறுவுதல் கூடாது. ஏழைக் குடும்பத்திற்கு இதனால் விளையும் சிக்கனம் சிறிதன்று.

எனினும், தவறாது செய்ய வேண்டிய சோதனைகள் உண்டு. இந்நோயுடையார்க்கு நீரிழிவும், கருப்பை உட்சவ்வுப் புற்றுநோயும் நேரும் வாய்ப்பு மிகுதி. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி கேரளப் பெண்களில் 38 விழுக்காட்டினர் மிகை எடையுடையவர். மெலிந்த பெண்களுக்கும் இந்நோய் வரும். எனவே எடை, இரத்த அழுத்தம், குளுக்கோஸ் அருந்திய பின் இரத்தச் சர்க்கரை ஆகிய மூன்றையும் அளத்தல் இன்றியமையாதது.

நோயுடைய பெண்களில் 70 விழுக்காடு வரையிலானோர் தமக்கு இந்நோயிருப்பதை அறியாமலே உள்ளனர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மாதவிடாய் நாள்களைக் கேட்டுக் குறிப்பதற்குச் செலவில்லை. துணை சுகாதார நிலையச் செவிலியரும் அதைச் செய்ய இயலும். ஆய்வுக்கூடங்கள் தம் சீட்டில் இரத்தம் எடுத்த நாள் சுழற்சியின் எத்தனையாவது நாள், உண்ணும் மருந்துகள் எவை, கையாண்ட முறை யாது என்பனவற்றைக் குறித்தல் வேண்டும். இக்குறிப்புகள் இல்லாத எண்ணை வைத்து ஓர் இளம்பெண்ணை மலடி என்று அஞ்சச் செய்வது முறையன்று. இந்நோயுடையோர் பலர் தக்க சிகிச்சையால் தாய்மை அடைகின்றனர்.