விடுபடத் தெரிந்த பிறகே பூட்ட வேண்டும்



சைக்கிளோட்டிகளிடையே ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. காலணியைப் பெடலில் பூட்டி ஓட்டத் தொடங்குபவர் ஒருமுறையாவது விழுவாராம். அதுவும் வேகமாகப் போகும்போது அல்ல, சைக்கிள் நின்ற பிறகு! சிவப்பு விளக்கைக் கண்டு பிரேக் பிடிக்கிறார். சைக்கிள் நிற்கிறது. காலை ஊன்ற நினைக்கிறார், கால் வரவில்லை. வெட்டிய மரம்போல் பக்கவாட்டில் சாய்கிறார். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் அவர் சாய்ந்த தடத்தில் லாரி வந்துகொண்டிருந்தால் அது சிரிக்கும் விஷயமா?

இப்படிப்பட்ட பெடல் எதற்காக வந்தது? முன்பு பந்தய வீரர்கள் பெடலில் ஓர் உலோகக் கூண்டைப் பொருத்தி, அதற்குள் பாதத்தை நுழைத்து, வாரால் இறுக்கிக்கொண்டார்கள். அந்தக் கூண்டின் பெயர் 'டோ கிளிப்'. அது இல்லாததால்தான் புதிய பெடலுக்கு 'கிளிப்லெஸ்' என்று பெயர் வந்தது. காலைக் கவ்விப் பிடிக்கும் பெடலுக்குக் 'கிளிப் இல்லாதது' என்று பெயர் அமைந்தது விந்தைதான்.

1970களின் தொடக்கத்தில் இத்தாலியின் சினெல்லி நிறுவனம் 'எம் 71' என்ற பெடலைக் கொண்டுவந்தது. அதில் காலணி நன்றாகப் பூட்டிக்கொண்டது. ஆனால் விடுவிக்க வேண்டுமானால் குனிந்து, கையால் ஒரு பிடியைத் தள்ள வேண்டும். விழும் நேரத்தில் யாரால் குனிய முடியும்?

தீர்வு பனிமலையிலிருந்து வந்தது. பிரான்சின் லுக் நிறுவனம் பனிச்சறுக்குப் பலகையில் காலணியைப் பிணைக்கும் கருவிகளைச் செய்துவந்தது. சறுக்குபவர் விழும்போது கால் முறியாதிருக்க அந்தப் பூட்டு தானே விடுபடும். அதே கருத்தை அந்நிறுவனம் 1984ல் சைக்கிள் பெடலுக்குக் கொண்டுவந்தது. குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் போதும், கால் விடுபடும். மறு ஆண்டே பெர்னார் இனோ அந்தப் பெடலுடன் தமது ஐந்தாவது டூர் டி பிரான்ஸ் பட்டத்தை வென்றார். 1990ல் ஜப்பானின் ஷிமானோ, காலணியின் அடிப்பாகத்துக்குள் பதிந்திருக்கும் சிறிய உலோகக் கிளீட்டை அறிமுகப்படுத்தியது. அதை அணிந்து நடக்கவும் முடிந்தது.

இதனால் பயன் உண்டா? உண்டு. மழையிலும் மேட்டிலும் பாதம் நழுவாது. கடினமான அடிப்பாகம், மிதிக்கும் அழுத்தத்தைப் பாதம் முழுவதும் பரப்புகிறது. ஆனால் பெடலை மேலே இழுத்தால் பெரும் பலன் கிடைக்கும் என்ற நம்பிக்கை அவ்வளவு சரியல்ல. 2007ல் வெளிவந்த ஓர் ஆய்வில், வேண்டுமென்றே மேலே இழுத்து ஓட்டியவர்கள் அதே வேலைக்குக் கூடுதல் சக்தியைச் செலவிட்டது தெரிந்தது. ஆகவே, கடைக்குப் போய்வர மட்டும் சைக்கிள் ஓட்டுபவருக்குச் சாதாரணப் பெடலே போதும்.

மாற விரும்புபவர் அவசரப்படக்கூடாது. முதலில் பெடலின் இறுக்கத் திருகைத் தளர்த்தி வைக்க வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு பூட்டுவதையும் விடுவிப்பதையும் பலமுறை செய்து, பிறகு புல்தரையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். யோசிக்காமலே குதிகால் திரும்பும்வரை சாலைக்கு வரக்கூடாது.

சாலையில், நின்ற பிறகு காலை விடுவிப்பதல்ல, நிற்பதற்கு முன்பே விடுவிப்பதே முறை. வாகனங்கள் இடப்பக்கம் செல்லும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சாலையோரமாக இருப்பது இடது கால். அதை விடுவித்து, அந்தப் பக்கமே சாய்ந்து நிற்பது நல்லது. விழுந்தாலும் போக்குவரத்துக்குள் விழாமல் இருக்கலாம்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். கிளீட் கோணலாக இருந்தால் முழங்கால் வலிக்கும். வலியைப் பொறுத்துக்கொண்டு ஓட்டாமல் கோணத்தைச் சரிசெய்ய வேண்டும். கிளீட்டின் திருகு தளர்ந்தால், குதிகாலைத் திருப்பும்போது கிளீட்டும் கூடவே சுழலும், கால் விடுபடாது. ஆகவே திருகுகளை அவ்வப்போது பார்த்து முடுக்குவது அவசியம்.

இறுக்கிப் பிடிக்கும் பூட்டுகளை மனிதன் எப்போதோ செய்துவிட்டான். தேவையான நொடியில் விட்டுவிடும் பூட்டைச் செய்யத்தான் இவ்வளவு காலம் ஆனது. பெடல் அந்தப் பாடத்தைக் கற்றுவிட்டது. ஓட்டுபவரின் காலும் கற்றுக்கொண்டால், பயணம் பத்திரமாக முடியும்.