இழந்தது எவ்வளவு? இருப்பது எவ்வளவு?



வேலையிடத்தில் அடிபட்ட தொழிலாளியை முதலில் வாட்டுவது வலி. அடுத்து வாட்டுவது பயம். "முடியும் என்று காட்டிவிட்டால், கிடைக்கிற பணமும் நின்றுவிடுமோ?" இந்தப் பயத்தால் உடல்திறன் சோதனையில் பாதிப் பலத்தை மட்டும் காட்டுகிறவர்கள் உண்டு.

இந்தப் பயத்துக்குக் காரணம், இரண்டு வெவ்வேறு அளவீடுகளை ஒன்றாக எண்ணிக் குழப்பிக் கொள்வதுதான்.

முதலாவது, மருத்துவ வாரியத்தின் அளவீடு. மலேசியாவில் 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சொக்சோ வழங்கும் நிரந்தர ஊன உதவித்தொகை, வாரியம் முடிவு செய்யும் விழுக்காட்டைப் பொறுத்தது. ஊனம் 20 விழுக்காட்டுக்கு மேற்படாவிட்டால் அதை மொத்தமாகவே பெற்றுக்கொள்ளலாம். இந்த விழுக்காடு இழப்பைச் சொல்கிறது. தொழிலாளி மீண்டும் வேலைக்குப் போகிறார் என்பதற்காக இந்த உதவித்தொகை நின்றுவிடாது. மருத்துவ விடுப்புக் காலத்தில் கிடைக்கும் தற்காலிக உதவித்தொகைதான், சம்பளத்துக்கு வேலை செய்யும் நாள்களுக்குக் கிடையாது.

இரண்டாவது, செயல்திறன் மதிப்பீடு. இது எஞ்சியிருக்கும் திறனைச் சொல்கிறது. தரையிலிருந்து இடுப்புவரை எத்தனை கிலோ தூக்க முடிகிறது? எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது? குனிய, ஏணி ஏற முடிகிறதா? கையின் பிடிபலத்தைக் கருவியால் பலமுறை அளப்பார்கள். வேண்டுமென்றே தளர்த்திப் பிடித்தால், அளவுகள் முன்னுக்குப் பின் முரணாக வர வாய்ப்புண்டு. அதனால் வலி இருந்தால் எந்த இடத்தில், எந்த அசைவில் என்று வாய்விட்டுச் சொல்வதே நல்லது.

பிறகு அந்த அளவை அவருடைய வேலையோடு ஒப்பிடுவார்கள். கிடங்கில் 25 கிலோ மூட்டை தூக்க வேண்டியவரால் இப்போது 15 கிலோதான் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் வேலைக்கு லாயக்கில்லாதவர் என்று இதற்குப் பொருளல்ல. அந்தப் 10 கிலோ இடைவெளியைப் பயிற்சியால் குறைக்கலாம், தள்ளுவண்டியால் ஈடுகட்டலாம், அல்லது வேறு வேலை தரலாம். அவரே 5 கிலோதான் முடியும் என்று காட்டிவிட்டால், திறக்க வேண்டிய கதவைத் தாமே சாத்திக்கொண்டவர் ஆவார்.

முதலாளிகளுக்கும் இதில் பாடம் உண்டு. "முழுசாகக் குணமாகிவிட்டு வா" என்பதும் தவறு; ஆள் இல்லையென்று அவசரப்படுத்தி அழைப்பதும் தவறு. மதிப்பீட்டு அறிக்கை இருவருக்கும் வழிகாட்டும்.

இதற்கான ஏற்பாடுகள் நாட்டில் இருக்கின்றன. சொக்சோவின் வேலைக்குத் திரும்பும் திட்டம் 2007-இல் தொடங்கியது. அதன் அதிகாரி தொழிலாளி, மருத்துவர், முதலாளி மூவரோடும் பேசி வழி காண்பார். மலாக்காவில் துன் ரசாக் மறுவாழ்வு மையம் 2014-இல் திறக்கப்பட்டது.

ஆனால் காலம் முக்கியம். மாதக்கணக்கில் வீட்டில் முடங்கினால் தசை தளரும், மனமும் தளரும். ஆகவே மருத்துவ விடுப்பு நீளும்போதே, "மறுவாழ்வுப் பயிற்சிக்கு யாரைப் பார்க்க வேண்டும்?" என்று மருத்துவரிடமும் சொக்சோ அலுவலகத்திலும் கேளுங்கள். இழப்புக்கு உரிய பணம் தொழிலாளியின் உரிமை. எஞ்சிய பலத்தோடு மீண்டும் உழைத்து நிமிர்வதும் அவருடைய உரிமையே.