ஊழியர் மேலாளரானால்

புரோகிராமர்களின் கைவேலை ஒன்றை இன்று எடை போட்டுப் பார்ப்போம்.

ஜாவாவில் எழுதிய சம்பளக் கணக்கு மென்பொருள் ஒன்று. அதில் 'ஊழியர்' தாய் கிளாஸ். அதிலிருந்து கிளைத்த 'மேலாளர்' சேய் கிளாஸ். 1960களில் ஆஸ்லோவில் சிமுலா மொழியை உருவாக்கிய டாலும் நிகார்டும் தந்த ஏற்பாடு இது. மேலாளரும் ஊழியர்தான் என்பதை மொழி ஏற்கும். ஆனால் ஓர் ஊழியருக்குப் பதவி உயர்வு வந்தால், நினைவகத்தில் இருக்கும் அதே ஆப்ஜெக்ட் மேலாளராக மாறாது. புதிதாக ஒரு மேலாளரை உண்டாக்கி, பெயர், சேர்ந்த தேதி, சம்பளம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போட வேண்டும்.

முப்பது ஃபீல்டு இருந்தால் யாருக்குப் பொறுமை? 'காப்பி புராப்பர்ட்டீஸ்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பெயர் பொருந்துவதை எல்லாம் அது நகலெடுத்துவிடும். ஆனால் ஸ்பிரிங் நூலகத்தில் எடுக்கும் இடம் முதலில், போடும் இடம் அடுத்து. அப்பாச்சி காமன்ஸில் நேர் தலைகீழ்! வரிசை தப்பினால் கம்பைலர் வாய் திறக்காது. புது மேலாளரின் வெறுமை பழைய ஊழியர்மேல் படிந்து, பெயர் காணாமல் போகும், சம்பளம் பூஜ்யமாகும்.

இன்னொரு வில்லங்கம், விடுப்புப் பட்டியல். நகலாவது பட்டியல் அல்ல, அது இருக்கும் இடத்தின் முகவரி மட்டுமே. ஒரே ரேஷன் கார்டை இரண்டு வீட்டார் வைத்திருப்பதுபோல, புது மேலாளர் எடுத்த விடுப்பு பழைய ஊழியர் கணக்கிலும் ஏறும்.

எனக்குப் பிடித்தது பழைய வழிதான். ஊழியர் கிளாஸில் இன்னோர் ஊழியரை வாங்கிக்கொள்ளும் கன்ஸ்ட்ரக்டர் ஒன்று. தன் ஃபீல்டுகளை அதுவே நகலெடுக்கும், விடுப்புக்குப் புதுப் பட்டியலும் போடும். மேலாளர் 'சூப்பர்' என்று அதைக் கூப்பிட்டுவிட்டுத் தன் பங்கை மட்டும் நிரப்பினால் போதும். நாளை ஊழியருக்கு ஒரு ஃபீல்டு கூடினாலும் திருத்த வேண்டிய இடம் ஒன்றுதான். தட்டச்சு கொஞ்சம் கூடும், கூடட்டும்.

அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. பதவி மாறக்கூடியது என்று தெரிந்தும் அதற்குத் தனி கிளாஸ் எதற்கு? ஊழியருக்குள்ளேயே 'பதவி' என்று ஒரு ஃபீல்டு வைத்திருந்தால், உயர்வு வரும் நாளில் அதன் மதிப்பை மாற்றினால் போதும். நகலெடுக்கும் வேலையே வந்திருக்காது.