சிறை வாசலோடு மருந்து நிற்கக் கூடாது



சிறையில் இருப்பவருக்கு நோய் வந்தால் யார் பார்ப்பார்கள்? சிறை டாக்டர் பார்ப்பார். மருந்தும் அங்கேயே கிடைக்க வேண்டும். அது அரசின் கடமை. சரி, அவர் வெளியே வந்த மறுநாள் மருந்து யார் கொடுப்பார்கள்? அதுதான் இன்றைய பேச்சு.

முதலில் ஒரு கணக்கு. 2022-ஆம் ஆண்டு முடிவில் இந்தியச் சிறைகளில் சுமார் 5 லட்சத்து 73 ஆயிரம் பேர் இருந்தார்கள். நான்கு பேரில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, இன்னும் வழக்கு முடியாதவர்கள். தண்டனைக் கைதிக்கு விடுதலை நாள் முன்பே தெரியும். விசாரணைக் கைதிக்குத் தெரியாது. ஜாமீன் உத்தரவு வந்ததும் கதவு திறக்கும். மருந்தைக் கேட்டு வாங்க மறந்துவிடுவார்.

ஒருவரை நினைத்துப் பாருங்கள். பீகார் மாநிலம் கயா பக்கத்துக் கிராமத்துக்காரர். மும்பையில் கட்டட வேலை பார்த்தார். ஒரு வழக்கில் சிறைக்குப் போனார். அங்கே இருமல் நிற்கவில்லை. சளியைச் சோதித்தார்கள். காசநோய் என்று தெரிந்தது. மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் இருமல் நின்றது. உடம்பும் தேறியது. அப்போது ஜாமீன் கிடைத்தது. ரயில் ஏறி ஊருக்கு வந்துவிட்டார்.

சட்டைப் பையில் ஒரு அட்டை இருந்தது. காசநோய் சிகிச்சை அட்டை. அதை அவர் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்தார். அதை மனைவி பார்த்துவிட்டாள். அவள் இரவு வகுப்பில் எழுத்துப் படித்தவள். அட்டையில் இருந்த எண்ணையும் தேதியையும் படித்தாள்.

"மாத்திரை தொடங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. ஏன் நிறுத்தினீர்கள்?" என்று கேட்டாள்.

"உடம்பு சரியாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஜெயிலுக்குப் போனதைச் சொல்ல வேண்டி வரும்" என்றார் அவர்.

"ஊர் பேசினால் பேசட்டும். பிள்ளைகள் இந்த ஒரே அறையில்தான் படுக்கிறார்கள்" என்றாள் அவள்.

அவள் சொன்னது சரி. சாதாரணக் காசநோய்க்குக் குறைந்தது ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும். பழைய மருந்துக்கு அடங்காத நோயாகவும் மாறலாம். இருமும்போது கிருமி காற்றில் பரவும். வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒட்டும்.

காசநோய் மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். மும்பையில் பதிந்த எண்ணை வைத்துக் கயாவில் சிகிச்சையைத் தொடரலாம். சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். 2018-இல் இது 500 ரூபாயாக இருந்தது. 2024 நவம்பரில் உயர்த்தினார்கள். வீட்டில் உள்ளவர்களையும் சோதிப்பார்கள். தேவைப்பட்டால் தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள்.

எச்.ஐ.வி. மருந்தும் அப்படித்தான். 2004 முதல் அரசு இலவசமாகத் தருகிறது. அதை ஆயுள் முழுவதும் விடாமல் சாப்பிட வேண்டும். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, மனநோய் மாத்திரைகளையும் டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது.

ஆஸ்பத்திரியில் படுத்து வைத்தியம் பார்க்க வேண்டி வந்தால்? ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2018-இல் வந்தது. அதில் சேர்ந்த குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. குடும்பத்தின் ஏழ்மையைப் பார்த்துப் பட்டியல் தயாரித்தார்கள். யார் சிறைக்குப் போனார் என்று பார்த்து அல்ல. 70 வயது ஆனவர்களுக்கு 2024 முதல் ஏழை, பணக்காரர் என்ற பேதம் இல்லை. ஆனால், வெறும் சீட்டு வாங்கிப் போகும் வைத்தியத்துக்கு இந்தத் திட்டம் உதவாது. அதற்கு அரசு ஆஸ்பத்திரிதான்.

சிறைக்குப் போனவர் என்று சொல்லி வைத்தியத்தை மறுக்க முடியுமா? முடியாது. உயிர் வாழும் உரிமை எல்லோருக்கும் உண்டு. அவசர நேரத்தில் அரசு ஆஸ்பத்திரி சிகிச்சை தராவிட்டால் அந்த உரிமையை மீறியதாகும். உச்ச நீதிமன்றம் 1996-இல் இப்படித் தீர்ப்புச் சொன்னது.

உறவினர் சிறையில் இருந்தால் இவற்றை நினைவில் வையுங்கள்.

பார்க்கப் போகும்போது, "என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று கேளுங்கள். மருந்தின் பெயரைக் குறித்துக் கொள்ளுங்கள்.

வெளியே வரும் நாளில் மருத்துவச் சீட்டையும் சில நாள் மாத்திரையையும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். ஆதார் அட்டையைப் பத்திரமாக வையுங்கள்.

வீடு வந்ததும், மாத்திரை தீரும் முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள்.

காசநோய் பற்றிக் கேட்க 1800-11-6666. எச்.ஐ.வி. பற்றிக் கேட்க 1097. ஆயுஷ்மான் பாரத் பற்றிக் கேட்க 14555. இலவசச் சட்ட உதவிக்கு 15100. காவலில் இருப்பவருக்கு இலவச வக்கீல் கேட்கும் உரிமை சட்டத்திலேயே உள்ளது.

அந்த மனைவி என்ன செய்தாள்? மறுநாள் காலை அட்டையை எடுத்துக்கொண்டு கணவனோடு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். கேட்டவர்களிடம், "மாத்திரை வாங்கப் போகிறோம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

சிறையிலிருந்து ஒருவர் வந்தால் ஊர் முதலில் என்ன கேட்கிறது? "என்ன குற்றம் செய்தாய்?" என்று கேட்கிறது. "மாத்திரை இருக்கிறதா?" என்று யாராவது ஒருவர் கேட்கட்டும். அதில் அவருக்கும் நன்மை, ஊருக்கும் நன்மை.